சமிக்ஞை நிபுணர்

...இதோ உதடு குவிகிறது, அப்படியானால் ஒன்றுக்கு, சீ, இல்லை, குவிந்தது கொட்டாவியாகி விட்டது, வாஷ்பேசினுக்கு மேலே மகளைத் தொடையோடு சேர்த்துத் தாங்கியபடி அவன் மறுபடியும் ஸ்ஸ்ஸ் என்றான், இடுப்பு விட்டுப்போகிறது, இத்தனை ஸ்ஸ்ஸுக்கு அவனுக்கே முட்டிக்கொண்டு நிற்கிறது, கண்ணாடியில் குழந்தை அவனைப் பார்த்துச் சிரிக்கிறது, நாலு மாதத்தில் இவ்வளவு நக்கலா? டயபர் என்பது குழந்தையின் பேச்சுக்குப் போடும் பூட்டு என்று மாமனார் வீட்டுக் கூடத்தில் முழங்கியது யார்? அவன்தான். வருவதற்கு முன் குழந்தையே சமிக்ஞை தரும், படிக்கத் தெரிய வேண்டும் என்றான், படிப்பதுதானே பிழைப்பு, கம்பெனி கம்பெனியாகப் போய் மேலாளர்களுக்கு முகம் படிக்கக் கற்றுத்தருகிறவன், காதைத் தேய்த்தால் சந்தேகம், காலை ஆட்டினால் அவசரம்... இவள் காதைத் தேய்த்தாள், தூக்கிக்கொண்டு ஓடினான், ஒன்றுமில்லை, காலை ஆட்டினாள், விளையாட்டு என்று விட்டான், சோபா போயிற்று.

"என்னங்க, போயிட்டாளா?" வெளியிலிருந்து மனைவி.

"அவசரப்படுத்தாதே, அவளுக்கு டென்ஷன் ஆகும்."

"அவளுக்கா, உங்களுக்கா?"

நாளை மனைவி பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டும், பகலெல்லாம் மகள் அவன் பொறுப்பு. "இன்னிக்கு ஒரே ஒரு தடவை பேசின்ல விழட்டும், நான் கிளம்பறேன். இல்லேன்னா இன்னும் ஒரு மாசம் லீவு போட்டுட்டு நானே பாத்துக்கறேன், நீங்க ஊருக்கு உபதேசம் பண்ணுங்க" என்று காலையில் சொல்லிவிட்டாள், அதற்குப் பிறகு நனைந்தது மெத்தை, அவன் சட்டை, மாற்றிப்போட்ட சட்டை... பெற்ற தகப்பனை ஒரு தடவை காப்பாற்றினால் குறைந்தா போய்விடுவாய்? ஸ்ஸ்ஸ்... கண்ணாடியில் இன்னொரு முகம், துண்டோடு மனைவி வந்து நிற்கிறாள், உதட்டை இறுக்கிக்கொண்டு. இறுகிய உதடு, அடக்கிய கோபம், வகுப்பில் முதல் பாடமே அது, ஆனால் கண்ணில் கோபம் இல்லையே, சிரிப்பா, அதுவும் இல்லை, பின்னே என்ன...

"பாருங்க, போயிட்டிருக்கா," என்றாள் மெல்ல.

குனிந்தான், ஆமாம், பேசினுக்குள்ளேதான், ஒரு சொட்டு வெளியே இல்லை, எந்தச் சமிக்ஞை தந்தாள், யார் பார்த்தது, போகட்டும், ஜெயித்தாயிற்று! "பாத்தியா? நான் சொல்லலே?" என்று நிமிர்ந்தான். அவள் துண்டை நீட்டவில்லை, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு குழந்தையையே பார்த்து நின்றாள், ஜெயித்த முகத்தைப் பார்க்கிற பார்வை இல்லை அது... நாளைக்குக் குழந்தையை விட்டுப் போக வேண்டுமே என்றா, அப்படியானால் காலையிலிருந்து இவள் வேண்டிக்கொண்டது விழ வேண்டும் என்றா, விழக் கூடாது என்றா?