இன்னொரு ஆறுமணிக்குருவி

ஆவடி குவார்ட்டர்ஸின் கடைசி பிளாக் இடிக்க வேண்டியது என்று முடிவாகி, குடியிருந்தவர்களையெல்லாம் காலி செய்ய வைத்துவிட்டார்கள். பங்குனி பிறந்ததிலிருந்து பொழுது சாயும் வேளையில் அங்கே யாரோ சீட்டியடிக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. இரண்டே இழுப்பு. ஒன்று மேலே ஏறும், மற்றது கீழே இறங்கும். அந்த பிளாக்கின் மாடிப்படியில் மாரடைப்பு வந்து செத்துப்போன கோதண்டம்தான் அது என்றார்கள். ஃபேக்டரி விட்டு வந்ததும் கீழே நின்று அப்படித்தான் சீட்டியடிப்பார். மனைவி ஜெகதாம்பாள் பால்கனியில் எட்டிப் பார்த்த பிறகுதான் படியேறுவார்.

அதே குவார்ட்டர்ஸில் குடியிருந்த ஜாஸ்லினுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. ஞாயிறானால் குவார்ட்டர்ஸ்காரர்களைக் கூட்டிப்போய்ப் பறவை காட்டுவாள்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. ஆறுமணிக்குருவி. குளிருக்குத் தெற்க வந்தது, வடக்க திரும்பிப் போற வழியில இங்க தங்கியிருக்கு. விடியறப்பவும் சாயங்காலமும் கத்தும். வாங்க, காட்டுறேன்."

அந்த ஞாயிறு சாயங்காலம் ஒரு கூட்டமே வந்தது. வேப்பமரத்தடியில் சருகைப் புரட்டிக்கொண்டிருந்தது குருவி. பச்சை முதுகு, மொட்டை வால், வாலடியில் குங்குமம் கொட்டினாற்போல் சிவப்பு. பைனாகுலர் கை மாறிக்கொண்டே இருந்தது.

"அய்ய, இத்துனூண்டுக்கா பயந்துகினு கெடந்தோம்!" என்றாள் எதிர்வீட்டு சபீனா. எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்குவதற்குள் சீட்டி கேட்டது.

சபீனா பைனாகுலரை இறக்கினாள். "ஜாஸ்லினு, அது வாயில புழுவ வச்சிகினு கீது. வாயே தொறக்கல."

சத்தம் வந்தது மாடியிலிருந்து.

"இருங்க, பாத்துட்டு வரேன்" என்று ஜாஸ்லின் படியேறினாள். இரண்டாம் மாடியில், கோதண்டம் குடியிருந்த வீட்டின் கதவு ஒருக்களித்திருந்தது. பால்கனிச் சுவரின் மறைவில் ஜெகதாம்பாள் குந்தியிருந்தாள். உதடு இன்னும் குவிந்தபடியே இருந்தது.

"அக்கா, நீங்களா?"

"அது கீயேந்து கூப்புடும், நான் மேலேந்து பதில் குடுப்பேன். குடுக்கலன்னா பூடுமோன்னு பயமா கீதும்மா."

"அது பறவைக்கா."

"நீ கீய சொன்னதெல்லாம் கேட்டுகினுதான் இருந்தேன். பறவைன்னா பறவையா இருந்துட்டுப் போட்டும்." அவள் கண்ணைத் துடைக்கவில்லை. "அவுரு இருந்தப்போ ஒரு நாளும் நான் திருப்பி அடிச்சதில்ல. பொம்பள சீட்டியடிக்கலாமான்னு எங்கம்மா திட்டும்."

ஜாஸ்லின் இறங்கி வந்தாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"இன்னொண்ணு மேல உக்காந்திருக்கு" என்றாள். "ஜோடி போல."

அவர்களிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. கூட்டம் நிம்மதியாகக் கலைந்தது.

சித்திரை நடுவில் குருவி போய்விட்டது. வேப்பமரத்தடியில் சருகு புரளாமல் கிடந்தது. ஆனால் சீட்டி மட்டும் தினமும் கேட்டது. "ஆறாச்சுடா, குருவி கத்துது" என்று பிள்ளைகள் விளையாட்டை முடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். ஜாஸ்லின் மட்டும் ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டாம் மாடியை அண்ணாந்து பார்ப்பாள். ஆளில்லாத வீட்டில், பதிலே வராத ஒன்றை அந்த அம்மாள் தனியாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாளே. போய்ப் பேச வேண்டும் என்று நினைப்பாள். போகமாட்டாள்.

ஒரு நாள் ரயிலை விட்டு இறங்கியபோது அதே ரயிலிலிருந்து ஜெகதாம்பாளும் பையோடு இறங்கினாள். இருவரும் சேர்ந்தே நடந்தார்கள்.

"எங்கக்கா போயிருந்தீங்க?"

"பேசின் பிரிட்ஜுல எங்க அண்ணன் ஊட்டுல இருந்தேன். குருவி போச்சுல்ல, மறுநாளே நானும் பூட்டேன். அத்த வுட்டா இங்க எனக்கு இன்னா கீது? இன்னிக்குத்தான் வரேன்."

ஜாஸ்லினின் கால் நின்றது. "நடுவுல வரவே இல்லையா?"

"இல்லம்மா. ஏன்?"

குவார்ட்டர்ஸ் வளைவில் திரும்பினார்கள். கடைசி பிளாக் இருட்டத் தொடங்கியிருந்தது. அங்கிருந்து அதே சீட்டி வந்தது. ஒன்று மேலே ஏறியது, மற்றது கீழே இறங்கியது.

ஜெகதாம்பாள் ஜாஸ்லினின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"குருவி திரும்பி வந்துச்சாம்மா?"

வழி தவறித் தங்கிவிட்ட இன்னொன்றாக இருக்கலாம். கேட்டுப் பழகிய மைனாவாகவும் இருக்கலாம். யாராவது விளையாடுகிறார்களோ? ஜாஸ்லினின் நாக்கு வரைக்கும் எல்லாமே வந்தன.

"தெரியலக்கா" என்றாள்.

மறுபடி கேட்டது. ஜெகதாம்பாளின் உதடு குவிந்தது, மூச்சும் எடுத்தாள். அப்புறம் வாயை முந்தானையால் இறுகப் பொத்திக்கொண்டாள். ஜாஸ்லின் அவளை மார்க்கெட் பக்கமாகச் சுற்றிக் கூட்டிப்போய், காலி செய்தபின் குடிபோயிருந்த முன்பக்க பிளாக் வீட்டில் விட்டாள்.

அடுத்த ஞாயிறு எல்லோரையும் அம்பத்தூர் ஏரிக்கு அழைத்துப்போனாள்.

"நம்ம குருவி அங்கயே கத்திகினு கீதே, அத்த வுட்டு ஏரிக்கு எதுக்கு?" என்று கேட்டாள் சபீனா.

"இன்னொரு நாள் பாப்போம்" என்ற ஜாஸ்லின், பைனாகுலரை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.