பூனைக்குப் போட்ட முடி

திண்டிவனத்தில் தேவகி குடியிருந்த தெருவில் சிமெண்ட் பூசாத மண் என்று மிச்சமிருந்தது அவள் வீட்டு வாசலில் இருந்த கனகாம்பரப் பாத்தி மட்டும்தான். எட்டடி நீளம், மூன்றடி அகலம். தெருவின் மூன்று பூனைகளும் கலந்து பேசி அதைப் பொதுக் கழிப்பிடமாக எடுத்துக்கொண்டிருந்தன.

கறுப்பு காலையில் வரும். வெள்ளை மத்தியானம் வரும். சாம்பல் நிறத்தது நேரங்காலம் பார்ப்பதில்லை. குழி பறித்து, உட்கார்ந்து, கண்ணைப் பாதி மூடி, பெரிய அதிகாரி கையெழுத்துப் போடுகிற தோரணையில் காரியத்தை முடிக்கும். பிறகு பேருக்கு நாலு தரம் மண்ணைத் தள்ளிவிட்டுப் போகும். தேவகி மூச்சைப் பிடித்துக்கொண்டு கொட்டாங்கச்சியால் அள்ளுவாள். மூச்சைப் பிடித்தாலும் அந்த நாற்றம் எப்படியோ உள்ளே வந்து நாக்கில் உட்கார்ந்துகொள்ளும். அதற்குமேல் குடிக்கிற காபியிலும் அதே ருசிதான்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனால் செவ்வாய்க்கிழமை கண்டமங்கலத்திலிருந்து சம்பந்தி இசைவாணி போன் செய்தாள்.

"சம்பந்தியம்மா, பூனைப் பீ மாசமா இருக்கிற பொண்ணுக்கு ஆகாதுன்னு நர்சம்மா சொல்றாங்க. உங்க வூட்டாண்ட பூனை ஜாஸ்தியாமே? ரோஜாதான் சொல்லுச்சு."

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. எப்பனா ஒண்ணு குறுக்கால போவும்."

"ஞாயித்துக்கிழமை நானே வந்து பாத்துடறேன். சுத்தமா இருந்தா வளைகாப்பு முடிஞ்சதும் கூட்டிக்கினு போங்க. இல்லாட்டி பிரசவம் இங்கயே நடக்கட்டும்."

இசைவாணி சும்மா சொல்கிற ஆள் இல்லை. பால் பாக்கெட்டை சோப்புப் போட்டுக் கழுவுகிறவள். பெண் பார்க்க வந்த அன்றே டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் காபியைக் குடித்தாள். தேவகியோ தலைப்பிரசவத்துக்கென்று உள்ளறையை ஒழித்து வெள்ளையடித்து, பழைய நூல் புடவைகளைத் துவைத்துக் கிழித்து மடித்துவைத்திருந்தாள். ஒரே மகள் ரோஜா. அந்த அறையில் கட்டில்கூடப் போட்டாயிற்று.

பூனைகள் வராமலிருக்கப் பாத்தியில் ஆரஞ்சுத் தோல் போட்டாள். பூனைகள் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பக்கத்திலேயே காரியத்தை முடித்தன. பாட்டிலில் நீலத் தண்ணீர் ஊற்றி வைத்தாள். சாம்பல் பூனை அதில் முதுகு சொறிந்துகொண்டது.

"நீ இன்னா, பூனைக்குக் கலர் காட்டிக்கினு இருக்க?" என்றான் கோதண்டபாணி. அவள் புருஷன், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவன். மண்டகப்பட்டில் அவன் தம்பிக்கு மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலை நிலம், உண்டு. "காட்டுப்பன்னி வராம இருக்க தம்பி இன்னா பண்றான்? கொல்லையச் சுத்தி சலூன் முடியக் கொட்றான். பன்னி மோந்து பாக்கும், மூக்குல முடி ஏறும், தும்மிக்கினே ஓடும். பன்னியே ஓடுது, பூனை எந்த மூலைக்கு?"

வியாழக்கிழமை மொபெட்டில் ஒரு மூட்டை வந்து இறங்கியது. வாயைப் பிரித்ததும் தேவகி இரண்டடி பின்னால் போனாள். கறுப்பு முடி, நரைத்த முடி, மருதாணிச் சிவப்பு, கல்லூரிப் பையன்களின் மஞ்சள் சாயம், காய்ந்த ஷேவிங் நுரை, பொடுகு. எல்லாம் கட்டிகட்டியாக, யாரோ அழுக்கான ஆள் உள்ளே சுருண்டு படுத்திருக்கிற மாதிரி இருந்தது.

"தூ! இதுக்கு அதுவே பரவால்ல."

"நாலு நாளு பொறு," என்று கோதண்டபாணி பிரியாணிக்குக் கொத்தமல்லி தூவுவதுபோல வெறுங்கையால் தூவினான். அதே கையோடு சாப்பிட வந்தவனைத் தேவகி மூன்று தரம் திருப்பி அனுப்பினாள்.

மறுநாள் சாம்பல் பூனை வந்தது. மோந்து பார்த்தது. ஒரே ஒரு தும்மல் போட்டது. பிறகு முடியை மிதித்துப் பதப்படுத்தி, சுருண்டு படுத்துத் தூங்கியது. எழுந்து பாத்தியின் மறுகோடிக்குப் போய் வழக்கமான காரியத்தை முடித்துவிட்டுத் திரும்ப வந்து படுத்தது. இதுவரை கழிப்பிடமாக இருந்த இடம், படுக்கையறையும் சேர்ந்த வீடாகிவிட்டது.

சனிக்கிழமை ஆடிக் காற்று எழுந்தது. முடி எழுந்து தெருவெல்லாம் போனது. கொடியில் காய்ந்த துணியில் முடி, ஜன்னல் வலையில் முடி, குடத்துத் தண்ணீரில் முடி. கூட்டினால் பறந்தது, தண்ணீர் ஊற்றினால் ஒட்டிக்கொண்டது. தேவகி பொழுதுக்கும் குனிந்து பொறுக்கினாள். தன் புருவத்தில் யாருடைய மீசையோ ஒட்டியிருந்ததைக் கண்ணாடியில் பார்த்து அழுதேவிட்டாள். பாத்தியில் மிச்சமிருந்ததன்மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோதண்டபாணி மீன் தலைகளைத் தெருக்கோடியில் வைத்துவிட்டு வந்தான். பூனைகள் அங்கே போய்விட்டன. இசைவாணி மகன் சுகுமாரோடு வந்து வாசலைப் பார்த்தாள், உள்ளறையைப் பார்த்தாள், கட்டிலுக்கடியில் விரலால் தேய்த்து விரலைப் பார்த்தாள்.

"பரவால்லீங்க. நல்லாத்தான் வச்சிருக்கீங்க."

தேவகிக்கு உயிர் வந்தது. இலை போட்டாள்.

தயிர்சாதம் மூன்றாவது வாயில் இசைவாணி மெல்லுவதை நிறுத்தினாள். இரண்டு விரலை வாய்க்குள் விட்டு மெதுவாக இழுத்தாள். ஒரு முடி வந்தது. கட்டைவிரல் நீளம். பாதி கறுப்பு, பாதி மஞ்சள்.

"என்னுதாத்தான் இருக்கும் சம்பந்தியம்மா, மன்னிச்சிடுங்க," என்றாள் தேவகி. அவள் கொண்டை முழுக்க நரை.

பெண்டாட்டி தலையில் பழி விழுவதைக் கோதண்டபாணியால் பொறுக்க முடியவில்லை. "சேச்சே, இவ முடி இல்லீங்க. எங்க வூட்டு முடியே கிடையாது. சலூன் முடி. நீங்க தைரியமா சாப்புடுங்க."

"சலூனா? யாருதுங்க?"

"அத எப்டிங்க சொல்றது? ஒரு மூட்டை வந்துச்சு."

இசைவாணி கொல்லைப்பக்கம் ஓடினாள். நெடுநேரம் சத்தம் கேட்டது. சுகுமார் பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டான். திரும்பி வந்தவள் நேரே வாசலுக்குப் போய் ஈரச் சாக்கைத் தூக்கினாள். உள்ளே முடியும் பூனை போட்டதும் சேர்ந்து ஊறியிருந்தது. சாக்கைப் போட்டுவிட்டாள்.

"ரோஜா இங்க வராது."

தேவகி உள்ளறையைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரிங்க சம்பந்தியம்மா. அப்ப நான் அங்க வந்துடறேன்."

"எங்க?"

"உங்க வூட்டுக்குத்தான். வளைகாப்புலேர்ந்து கொழந்தைக்குத் தலை நிக்கிற வரைக்கும். பத்தியம் நான்தான ஆக்கணும்? உங்க அடுப்புலயே ஆக்கிக்கறேன்."

"நல்லதுதானம்மா," என்றான் சுகுமார். அவன் அம்மா அவனைப் பார்த்த பார்வையில் செருப்பைத் தேடப் போனான்.

இசைவாணி தேவகியின் தோளைப் பார்த்தாள். அங்கே ஒரு மருதாணி முடி இருந்தது. இந்தத் தோள் தன் சமையலறையில், தன் பாத்திரங்களுக்கு மேலே, மாதக்கணக்கில் குனிந்து நிமிரப்போவதை யோசித்தாள்.

"இந்த மண்ண வாரிக் கொட்டிட்டு சிமெண்டு பூசுங்க," என்றாள் கடைசியில். "வாசல் முச்சூடும். ஒரு பிடி மண்ணு இருக்கக்கூடாது. பூசிட்டு போட்டோ அனுப்புங்க. ரோஜாவ அனுப்பி வைக்கறேன்."

"கனகாம்பரம் பூத்துக்கினு இருக்குதுங்களே," என்றான் கோதண்டபாணி. தேவகி கொத்தனார் நம்பரைத் தேடினாள்.

மறுநாள் கொத்தனார் வந்தார். தேவகி செடிகளைத் தானே பிடுங்கினாள். ஏழு வருஷச் செடிகள். ஒவ்வொரு வேரிலும் முடி சுற்றியிருந்தது, முடியில் அதுவும் ஒட்டியிருந்தது. கடைசிச் செடியில் நிறையப் பூ. ரோஜாவுக்கு ஒரு முழமாவது ஆகும் என்று கொஞ்சம் பறித்து, எதற்கும் இருக்கட்டுமென்று மோந்து பார்த்தாள். கனகாம்பரத்துக்கு வாசம் கிடையாது என்பார்கள். இதற்கு இருந்தது.

பூவைக் குப்பையில் எறிந்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள்.

"ஜல்தி கலக்குப்பா," என்றாள் கொத்தனாரிடம். "காத்து கெளம்பறதுக்குள்ள பூசிடு."