துண்டுக்கடியில் நான்கு விரல்

என் கணவர் தமிழ்மணியின் இதயம் கடைசி வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. பைபாஸ் செய்த ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் அதைத்தான் சொன்னார்கள். எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, "சூப்பரா இருக்கு, இனி பத்து மாட்டோட ஓடலாம்" என்றார் டாக்டர்.

"சார், இவருக்கு மறதி வருதுங்க. பேசிக்கிட்டே இருக்கும்போது பேச்சு வுட்டுப்போவுது. எங்க மாட்டையே காட்டி யாரு மாடுன்னு கேக்கறாருங்க" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "வயசாகுதில்லம்மா. நீங்க டென்ஷன் குடுக்காம இருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நெஞ்சைப் பிளந்து தைத்தவர்களுக்குக் கழுத்துக்கு மேலே இருப்பது யாருடைய பொறுப்போ தெரியவில்லை. அது என் பொறுப்பானது.

அவர் மாட்டுத் தரகர். எங்கள் பக்கத்துச் சந்தையில் மாட்டு விலையை வாயால் பேச மாட்டார்கள். கைமேல் துண்டைப் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். நான்கு விரலைப் பிடித்தால் நான்கு, ஐந்தையும் பிடித்தால் ஐந்து. ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். வாங்குகிறவர் பிடித்ததைத் தரகர் அப்படியே கொண்டுபோய் விற்கிறவர் கையில் பிடிக்க வேண்டும். நடுவில் சாட்சி கிடையாது. அந்தக் கையை நம்புவதுதான் மொத்தத் தொழிலும். பாலக்கோட்டிலிருந்து பென்னாகரம் வரைக்கும், "தமிழ்மணி கையா, அப்ப சரி" என்று மாட்டை அவிழ்த்துக் கொடுத்த சனம் உண்டு.

மாத்திரையை மறந்துவிடுகிறார் என்று நானும் சந்தைக்குப் போக ஆரம்பித்திருந்தேன். அன்று எனக்குத் தம்பி முறையான மாதேஸ்வரன் ஒரு ஜோடி எருது கொண்டுவந்திருந்தான். கர்நாடகத்து வியாபாரி ஒருவர் கேட்டார். இவர் அவரிடம் போய்த் துண்டு போட்டார், பிறகு மாதேஸ்வரனிடம் வந்து துண்டு போட்டார். அவன் தலையாட்டினான். வியாபாரியைக் கையோடு கூட்டிவந்து அவன் முன்னால் நிறுத்தியதும் இவர்தான். வியாபாரி பணத்தை நீட்டினார். மாதேஸ்வரன் முகம் மாறியது.

"ஐம்பதா? எங்கிட்ட நாலு வெரலுதானே மாமா புடிச்ச?"

இவர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாயத் தொற மாமா. நடுவுல பத்து உனக்கா? நெஞ்சக் கிழிச்சப்ப நேர்மையையும் சேத்து எடுத்துட்டாங்களா?"

சுற்றி நின்ற தரகர்கள் சிரித்தார்கள். "அடப்பு எடுத்ததும் மாமனுக்குப் பசி ஜாஸ்தியாயிடுச்சிடா" என்றான் ஒருவன். இன்னும் சிரித்தார்கள்.

நடுவில் எடுக்க நினைக்கிறவன் விற்கிறவனையும் வாங்குகிறவனையும் ஒரே புளியமரத்தடியில் நிற்க வைப்பானா? பணத்தை நேராகக் கொடுக்கச் சொல்வானா? இதை யோசிக்க அங்கே ஒருவருக்கும் மூளை இல்லை. ஆபரேஷன் ஆனவர் இவர் ஒருவர்தான்.

அதன்பிறகு எவனும் அவரிடம் கை நீட்டவில்லை. அடுத்த சந்தைக்கும் போனார். அதே புளியமரத்தடியில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். பிறகு போகவில்லை. வீட்டில் என் கையை இழுத்து, அதன்மேல் துண்டைப் போட்டு, விரல்களைப் பிடிப்பார்.

"மேகல, இது எத்தன?"

"அஞ்சுங்க."

"அன்னிக்கு நான் எத்தன புடிச்சேன்? திருடினேனா நான்?"

திருடவில்லை என்று நான் சொன்னால் நம்பினார். சற்று நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். ஊர் சொன்னதைக்கூடத் தாங்கியிருப்பேன். அவருக்கே அது தெரியவில்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மகள் யுவராணி தருமபுரியில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் ஸ்கேனைக் காட்டிச் சொன்னார்: "இதயத்துல அடைக்கற வியாதி மூளைய மட்டும் வுட்டு வைக்குமாம்மா? சின்னச் சின்ன எடமா ரத்தம் போகாம செத்திருக்கு. ஆபரேஷனுக்கு அப்புறம் பிரஷர், சுகரோட ஞாபகத்தையும் பாத்துக்கிட்டே வந்திருக்கணும். இவ்ளோ தூரம் வராம இருந்திருக்கலாம். யாரும் சொல்லலையா?"

சொல்லவில்லை. நான் சொன்னதையும் கேட்கவில்லை.

நேராக மாதேஸ்வரன் வீட்டுக்குப் போனேன். "இது வியாதிடா. சந்தையில நாலு பேரு முன்னால சொன்ன வாயால, நாலு பேரு முன்னால அது தப்புன்னு சொல்லு. அவரு காது கேக்க ஒருவாட்டி சொல்லு."

"சொல்றேன்க்கா. வர்ற சந்தையில சொல்லிடறேன்" என்றான். காபி கொடுத்தான். எத்தனையோ சந்தை கூடிக் கலைந்தது. அவன் சொல்லவில்லை. இவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றது. அப்புறம் மூச்சும் நின்றது.

செத்தது சந்தை நாளில். காலையிலேயே மாதேஸ்வரன் புதுத் துண்டோடு வந்தான். "மாமா போயிட்டியே" என்று அழுதுகொண்டே உடம்பின்மேல் விரித்தான். நான் எழுந்து அதை எடுத்து அவன் கையில் திணித்தேன்.

"இன்னிக்குச் சந்தைதான். போயி சொல்லிட்டு வந்து போத்து."

"அக்கா, பொணத்த வெச்சிக்கிட்டு..."

"நீ வர்ற வரைக்கும் எடுக்க வுட மாட்டேன்."

பெரியவர்கள் அதட்டினார்கள். நான் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டேன். யுவராணியும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவன் வண்டியை எடுத்தான்.

வெயில் ஏறிய பிறகு வந்தான். "சொல்லிட்டேன்க்கா" என்றான். பின்னாலேயே தரகர்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அன்று பசி என்று கேலி பேசியவனும் அதில் இருந்தான். ஒவ்வொருவராகக் குனிந்து அவர் கையைத் தொட்டார்கள்.

"எங்களுக்கு அப்பவே மனசுல தெரியுங்க்கா, மாமன் அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு" என்றான் கேலி பேசியவன்.

"தெரிஞ்சும் ஏன்டா அந்தக் கைய அன்னிக்கே புடிக்கல?"

மாதேஸ்வரன் துண்டைப் போர்த்தினான். நான் தடுக்கவில்லை. அவர் கைகளை மட்டும் துண்டுக்கு அடியிலிருந்து எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி வெளியே வைத்தேன்.