கழுதைக்கு அளவெடுத்த அடுப்படி

கழுதையைக் கடைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். சமையல்காரியைக் கூட்டிப் போகவில்லை.

இந்த அநியாயம் சமையல்காரி லொரெட்டாவுக்கு வெள்ளிக்கிழமை காலைதான் தெரிய வந்தது. ட்வைட்டின் பண்ணை முற்றத்தில் வண்டியை நிறுத்தி இறங்கியவள், அங்கே அலுமினியத்தில் பளபளவென்று ஒரு மடக்கு அடுப்படி விரித்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தாள். இரண்டு பெட்டிகள். திறந்தால் ஒன்று மேசையாகவும் தொட்டியாகவும் ஆனது. இன்னொன்று இரண்டு பர்னர் வைத்த கேஸ் அடுப்பாக ஆனது. கரண்டி மாட்டக் கொக்கி இருந்தது. காற்றுத் தடுப்பு இருந்தது. பியர் டின் வைக்கக்கூட ஒரு வளையம் இருந்தது. பக்கத்தில் ட்வைட், பேரன் பிறந்த செய்தி சொல்ல வந்தவனைப் போல வாயெல்லாம் பல்லாக நின்றான்.

"எப்பிடி இருக்கு, லொரெட்டா? ரெண்டு பெட்டியும் அரை பவுண்டு வித்தியாசம் இல்லாம ஒரே எடை. பெர்னீஸை டிரெய்லர்ல ஏத்திட்டுப் போயி, கடை வாசல்லயே மாட்டிப் பாத்துட்டோம். காதைக்கூட ஆட்டலை!"

பெர்னீஸ் என்பது கோவேறு கழுதை. ட்வைட்டின் வேட்டை முகாமுக்கு மலைமேல் வண்டிப் பாதை கிடையாது. செப்டம்பரிலிருந்து பத்து வாரம், கூடாரம் முதல் உப்புப் பொட்டலம் வரை எல்லாம் கழுதை முதுகில்தான் ஏற வேண்டும். இரண்டு பக்கமும் எடை சரியாக இல்லாவிட்டால் சேணம் சரியும், கழுதை பள்ளத்தில் உருளும். போன நவம்பரில் ஓடையைக் கடக்கும்போது பெர்னீஸ் அப்படித்தான் விழுந்தது. பழைய அடுப்படிப் பெட்டிகள் சுக்குநூறாயின. கழுதைக்கு மாட்டு டாக்டர் வந்தார், மூன்று வாரம் ஓய்வு கிடைத்தது. பெட்டிகளுக்காக ஒருவரும் ஒரு வார்த்தை வருத்தப்படவில்லை. அவை லொரெட்டா தன் உயரத்துக்குத் தானே பலகை அறுத்துச் செய்தவை.

அவள் ஆறடி உயரம். இரண்டு வருஷத்துக்கு முன் முதுகெலும்பின் அடியில் அறுவை சிகிச்சை நடந்தது. "இனிமே குனிஞ்சு வேலை செஞ்சீங்கன்னா நான் பொறுப்பில்லை" என்று டாக்டர் சொன்னபோது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் இதே ட்வைட்தான். ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவனும் அவனே. அதனால்தான் ஏப்ரலிலேயே ஒரு சீட்டில் மூன்று வரி எழுதி, அவன் வீட்டுக் குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டு வந்தாள். முதல் வரி, மேசை முப்பத்தெட்டு அங்குல உயரம். இரண்டாவது, பெரிய காபிப் பானையும் பேன்கேக் சுடும் நீளக்கல்லும் ஒரே நேரத்தில் உட்கார அடுப்பில் இடம். மூன்றாவது, பெட்டிகள் ஒரே எடை.

லொரெட்டா மேசையருகே போய் நின்றாள். அது அவள் தொடைக்கு வந்தது. பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துப் பிடித்தாள். இருபத்தொன்பது அங்குலம்.

"என் சீட்டைப் பாத்தியா, ட்வைட்?"

"பாத்தேனே! ஒரே எடை வேணும்னு எழுதியிருந்தே. அதான் வாங்கியாச்சே."

ட்வைட்டின் தம்பி ஆர்லோவுக்கு வாய் சும்மா இருக்காது. வேலியில் சாய்ந்துகொண்டு சொன்னான்: "கடைக்காரன்கூடக் கேட்டான், யாரு சமைக்கப் போறாங்கன்னு. அண்ணன் சொன்னான், அது எங்க லொரெட்டா, எதைக் குடுத்தாலும் சமாளிச்சுக்குவான்னு."

அந்த ஒரு சொல்லில் லொரெட்டாவுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. சமாளிச்சுக்குவாளாம்! பதினேழு வருஷம் பதினான்கு வாய்க்கு மூன்று வேளை ஆக்கிப் போட்டதற்குக் கிடைத்த பட்டம் இது. கழுதைக்கு முதுகு உண்டு, அதற்கு வலிக்கும், அதனால் வாசலில் நிறுத்தி மாட்டிப் பார்க்க வேண்டும். அவளுக்கு முதுகே இல்லை போலும். குனிந்தபடியே பிறந்தவள் போலும்!

"இதைத் திருப்பிக் குடுத்துட்டு வா" என்றாள்.

"நல்லா இருக்கே! சீசனுக்கு இன்னும் பத்து நாள்தான். ஒரு வாட்டி சமைச்சுத்தான் பாரேன். பாக்காமலே குறை சொல்றியே."

லொரெட்டா நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். வீடு போகும் வழியெல்லாம், இந்த வருஷம் வர முடியாது என்று எப்படிச் சொல்வதென்று வார்த்தை தேடிக்கொண்டே போனாள். அந்த மலையையும் அந்தப் பத்து வாரத்தையும் விட்டால் அவளுக்கு வேறு எதுவும் பெரிதாக இல்லை. விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டும், அல்லது முதுகை உடைத்துக்கொள்ள வேண்டும். நியாயமா இது?

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை நாள். மலை ஏறுவதற்கு முன் வருஷாவருஷம் பண்ணைப் புல்வெளியில் முகாமை முழுசாக விரித்து, எது ஓட்டை, எது குறைச்சல் என்று பார்த்து, மூன்று வேளையும் அதிலேயே சமைத்துச் சாப்பிடுவார்கள். லொரெட்டா வந்தாள். வராமல் இருக்கத்தான் நினைத்தாள். ஆனால் பாக்காமலே குறை சொல்றியே என்று அவன் சொன்னது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். மலை முகாம்களில் எழுதாத சட்டம் அது: சாப்பாட்டைக் குறை சொன்னவன் கரண்டியைப் பிடிக்க வேண்டும், இன்னொருவன் குறை சொல்லும் வரை கீழே வைக்கக் கூடாது. பணம் கட்டி வந்த வேட்டைக்காரருக்கும் விலக்கு இல்லை. ஒருமுறை ஒரு பல் டாக்டர், பீன்ஸில் உப்பு தூக்கல் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு மூன்று நாள் பதினான்கு பேருக்குச் சமைத்தார். சட்டத்தை எல்லோரையும்விடக் கறாராகக் காப்பாற்றுகிறவன் ட்வைட்தான்.

வேண்டுமென்று கெடுத்துச் சமைக்கிற ஆள் அல்ல லொரெட்டா. அந்தப் புத்தி அவளுக்கு வராது. அவள் பாட்டுக்கு மாவைக் கரைத்தாள், பேக்கனை அடுக்கினாள். நீளக்கல்லை வைத்தால் காபிப் பானைக்கு இடமில்லை. பானையை வைத்தால் கல் பாதி அந்தரத்தில் நின்றது. காபியை முதலில் போட்டு இறக்கிவிட்டு, கல்லைத் தனியாக வைத்தாலும் காற்றுத் தடுப்பில் இடித்துச் சாய்ந்ததால் சின்ன வாணலியில் ஒவ்வொரு பேன்கேக்காகச் சுட ஆரம்பித்தாள். எட்டாவதைத் திருப்பும்போது இடுப்பில் சுருக்கென்றது. பதினைந்தாவதில் நிற்க முடியவில்லை. ஒரு கித்தானை மடித்துப் போட்டு அதன்மேல் மண்டியிட்டாள். ஐம்பத்தெட்டு வயதுப் பெண், ஒரு தகர டப்பாவின் முன்னால், கும்பிடுகிறவளைப் போல மண்டியிட்டுப் பேன்கேக் சுட்டாள். புல்வெளியில் அண்ணனும் தம்பியும் முகாம் வேலையாட்களுமாக ஐந்து ஆண்கள் தட்டை ஏந்திக்கொண்டு நின்றார்கள். ஒருவனுக்காவது உறைத்ததா? உறைக்கவில்லை!

ட்வைட் ஒரு வாய் கடித்தான். ஒரு மடக்குக் குடித்தான்.

"என்ன லொரெட்டா, உள்ள மாவாவே இருக்கு? காபியும் ஆறிப் போச்சு."

ஆர்லோவின் முள்கரண்டி அந்தரத்தில் நின்றது. சொன்னது தன் வாய்தான் என்று ட்வைட்டுக்கே ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது.

"நான் குறையாச் சொல்லலை…"

"சொல்லிட்டே அண்ணே" என்றான் ஆர்லோ. "அஞ்சு பேரு கேட்டோம்."

லொரெட்டா மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். ஏப்ரனை அவிழ்த்து அவன் தோளில் போட்டாள்.

"நீ சமாளிச்சுக்குவே" என்றாள்.

ட்வைட் ஆறடி மூன்று அங்குலம். மதியத்துக்கு உருளைக்கிழங்கும் எல்க் மான் இறைச்சியும் வதக்க வேண்டும். லொரெட்டா நிழலில் நாற்காலி போட்டு, காலை நீட்டி, அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். முதல் அரைமணி அவன் சீட்டியடித்தான். அப்புறம் சீட்டி நின்றது. காலை அகட்டிப் பார்த்தான், ஒரு முட்டியை மடக்கிப் பார்த்தான், பெட்டிக்கடியில் கல்லைக் கொடுத்து உயர்த்தியதில் சட்டி சரிந்து பாதி உருளைக்கிழங்கு புல்லில் கொட்டியது. கிழங்கு கரிந்தது, இறைச்சி தோலாகிப் போனது. அத்தனை பேரும் ருசித்துச் சாப்பிட்டார்கள்.

"இந்தக் கருகல் வாசனை இருக்கே, அதுதான் அண்ணே கை மணம்" என்றான் ஆர்லோ. "இன்னும் கொஞ்சம் இருக்கா?"

ஒருவனும் குறை சொல்லவில்லை. சொல்வானா?

இரவுச் சாப்பாட்டுக்கு வெங்காயம் நறுக்கத் தொடங்கும்போது வெயில் இன்னும் இறங்கவில்லை. ட்வைட் கத்தியை வைத்தான். இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, நிமிர முடியாமல் வளைந்தபடியே நின்றான்.

"இதுல மனுஷன் சமைக்க முடியாது!"

"மனுஷனுக்கா அண்ணே வாங்கினோம்?" என்றான் ஆர்லோ. "பெர்னீஸுக்குல்ல வாங்கினோம்."

எல்லோரும் சிரித்தார்கள். லொரெட்டா சிரிக்கவில்லை. ட்வைட் அவள் பக்கம் திரும்பினான். முகம் சிவந்திருந்தது, அது அடுப்புச் சூட்டினால் மட்டும் அல்ல.

"நாளைக்குக் கடைக்குப் போவோம்" என்றான்.

"நான் போறேன். நீ வேணும்னா கூட வா."

திங்கட்கிழமை கடையில் அதே விற்பனையாள் ஓடிவந்தான். லொரெட்டாவைத் தாண்டி ட்வைட்டின் முகத்தைப் பார்த்துக் கேட்டான்: "திருப்பிக் கொண்டாந்துட்டீங்களா சார்? வேற எது மாதிரி பாக்கறீங்க?"

"என்னை ஏன்ப்பா கேக்கறே?" என்றான் ட்வைட். "நான் கழுதை சார்பா வந்திருக்கேன்."

லொரெட்டா அவசரப்படவில்லை. ஒவ்வொன்றையும் விரிக்கச் சொன்னாள். முன்னால் நின்று, இல்லாத வெங்காயத்தை நறுக்கினாள், இல்லாத மாவைக் கலக்கினாள். தன் காபிப் பானையையும் நீளக்கல்லையும் வண்டியிலிருந்து கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள். ஆறாவதாக விரித்தது பார்க்க அழகில்லாத பச்சைப் பெட்டி ஜோடி. கால்களை இழுத்து நீட்டிப் பூட்டலாம். நாடாவைப் பிடித்தாள். முப்பத்தெட்டு. பானையும் கல்லும் இடிக்காமல் உட்கார்ந்தன. பிறகு இரண்டு பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தராசில் தூக்கி வைக்கச் சொன்னாள். முள் ஒரே இடத்தில் நின்றது.

"இது" என்றாள்.

ட்வைட் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தான். குளிர்ப்பெட்டிக் கதவில் இருந்த அதே சீட்டு. ஓரம் சுருண்டிருந்தது.

"நான் இதை அன்னிக்கே ஒழுங்காப் படிச்சிருக்கணும், லொரெட்டா."

"படிச்சே, ட்வைட். மூணாவது வரியை நல்லாவே படிச்சே. அது கழுதையோட முதுகு. முதல் வரியில இருந்தது என் முதுகு."

அவன் சீட்டைத் திரும்பவும் மடித்துப் பைக்குள் வைத்தான். பிறகு விற்பனையாளை நகரச் சொல்லிவிட்டு, வலிக்கிற இடுப்போடு இரண்டு பெட்டிகளையும் தானே தூக்கிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தான். லொரெட்டா உதவிக்குப் போகவில்லை.