இரண்டு தொண்டைக்கு ஒரே மெட்டு

சொரோகா ஊரின் கலையரங்கில் அன்று மத்தியானம் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. மலைமேல் குடியிருக்கும், நாடோடி வம்சத்து ரோமா ஜனம் பாதி. ஊரில் மிச்சமிருக்கும் யூதக் குடும்பங்களும் மற்றவர்களும் மீதி. இசைக்குழுவில் நான் பாஸ் வாசிப்பவன். அந்த ஆளுயர நரம்பு வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு, இன்று என்ன ரகளை ஆகுமோ என்று நின்றேன். காரணம், எங்கள் இரண்டு பாடகிகள்.

குழுவை நடத்தும் ஒக்தாவியன் ஊரின் பழைய மெட்டு ஒன்றில் எழுதிய புதுப் பாட்டைத்தான் அன்று வாசிக்க இருந்தோம். முதலில் டிவோய்ரா தன் யூத ஜனத்தின் இத்திஷ் மொழியில் நிதானமாகப் பாடுவாள். அவள் முடித்ததும் ஸம்பிலா அதே மெட்டைத் தன் ரோமா ஜனத்தின் ரோமானி மொழியில் வேகமாகப் பாட வேண்டும். காலை ஒத்திகையிலேயே இருவருக்கும் முட்டிக்கொண்டது.

"இது எங்க கல்யாண மெட்டு. உங்க ஆளுங்க தூக்கிட்டுப் போனது" என்றாள் டிவோய்ரா.

"தூக்கிட்டுப் போனோமா? உங்க கல்யாணத்துல பிடில் வாசிச்சதே எங்க ஆளுங்கதான்டி! விருந்து மீனைத் தின்னுக்கிட்டே கேட்டுட்டு, இப்ப சொந்தம் கொண்டாட வந்துட்டா!" என்றாள் ஸம்பிலா.

"மேடையில என் மானத்தை வாங்கிடாதீங்கம்மா" என்று கெஞ்சினார் ஒக்தாவியன்.

வாங்கினார்கள். டிவோய்ரா உருக்கமாகத்தான் பாடினாள். ஆனால் கடைசிச் சொல்லை விடவே இல்லை, இழுத்துக்கொண்டே போனாள். வேண்டுமென்றேதான். பொறுத்துப் பார்த்த ஸம்பிலா சட்டென்று குறுக்கே பாய்ந்தாள். டிவோய்ராவும் விடாமல் முதல் அடியிலிருந்து திரும்ப ஆரம்பித்தாள். இரண்டு மொழி, இரண்டு வேகம். வயலின்காரர்களில் பாதிப் பேர் அவளோடு, பாதிப் பேர் இவளோடு. ஒக்தாவியன் தாளம் காட்டும் கோல் அந்தரத்தில் நின்றுவிட்டது.

போச்சு என்று நினைத்தேன். அப்போதுதான் காதில் பட்டது: டிவோய்ராவின் ஒரு அடிக்குள் ஸம்பிலாவின் இரண்டு அடி கச்சிதமாக உட்கார்ந்தது! அந்தத் தாளத்தை அழுத்தி வாசித்தேன். ஒக்தாவியனும் அதைப் பிடித்துவிட்டார். கோலை வைத்துவிட்டு, மேடை அதிரக் காலால் தட்டினார். கிளாரினெட் கூவிக்கொண்டு உள்ளே வந்தது.

பாடகிகள் திகைத்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஸம்பிலா ஒரு இத்திஷ் வரியைப் பறித்துப் பாடினாள். டிவோய்ரா ரோமானியில் பதில் சொன்னாள், உச்சரிப்பு கன்னாபின்னாவென்று. மலைக்கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"இன்னொரு தடவை!" என்று அரங்கமே கத்தியது.

யார் முதலில் என்று ஒக்தாவியன் கேட்பதற்குள் இருவரும் ஒன்றாகவே தொடங்கிவிட்டார்கள். ஜனம் மேடையேறி எங்களைத் தெருவுக்கு இழுத்துப் போனது. முன்பின் தெரியாத ஒருவர் என் பாஸின் அடிப்பக்கத்தைத் தூக்கிக்கொண்டார். நான் நடந்தபடியே நரம்புகளைச் சுண்டினேன். அப்படியே ஆற்றங்கரை வரை ஆடிக்கொண்டே போனோம்.