வாசலில் நின்ற லாரி

குவெம்புநகரில் யக்ஞநாராயணன் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பழைய லாரி நின்றது. அறுபதுகளில் செய்த வண்டி. மூக்கு நீண்டு, விளக்குகள் உருண்டு, லட்சணமாகத்தான் இருந்தது. எஞ்சின் மட்டும் இல்லை. ஞாயிறுதோறும் மூக்கைத் திறந்து அந்த வெறும் பள்ளத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது அவர் வழக்கம். கோலம் போட இடமில்லாமல் போன அவர் மனைவி சீதாலக்ஷ்மி ஒரு முடிவுக்கு வந்தாள். தசராவுக்குள் எஞ்சின் வர வேண்டும், இல்லாவிட்டால் பழைய இரும்புக்காரர் முனிராஜ் வருவார். சொன்னதோடு நிற்காமல் முனிராஜிடம் பேசியும் வைத்துவிட்டாள்.

மனிதர் அன்றே எஞ்சின் தேட ஆரம்பித்தார். நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைத் தட்டிச் சம்பாதிக்கிறவர், கையில் கிரீஸ் பட்டால்தான் தன்னை ஓர் ஆளாக உணர்வார். மெக்கானிக் வேலையெல்லாம் வீடியோ பார்த்தே கற்றது.

லாரிக்குப் பொருந்தும் எஞ்சின் ஒன்று மார்டள்ளி கிராமத்தில் ஜடையன் என்ற விவசாயியின் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிறது, விலைக்கு வருகிறது என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டார். மாதேஸ்வரன் மலைக் கோயில் பக்கம்தானே என்று சீதாலக்ஷ்மியும் காரில் ஏறிக்கொண்டாள். விடுமுறை கிடைத்த நாள் ஆயுத பூஜை. அதை அவர் யோசிக்கவே இல்லை.

போய்ப் பார்த்தால் எஞ்சின் குளித்து, விபூதிப் பட்டை போட்டு, செவ்வந்தி மாலையோடு உட்கார்ந்திருந்தது. சத்தம் கேட்காமல் எஞ்சின் வாங்குவதில்லை என்று வழியெல்லாம் மனைவியிடம் பீற்றிக்கொண்டு வந்தவர், ஓட்டிக் காட்டச் சொன்னார். ஜடையன் மனைவி லிங்கம்மா குறுக்கே வந்து நின்றாள்.

“பூசை போட்டதை இன்னிக்கு எழுப்பக் கூடாதுங்க. நாளைக்கு வெடியால வாங்க.”

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் வாயே திறக்கமாட்டேன் என்ற கதையாகிவிட்டது. சீதாலக்ஷ்மி லிங்கம்மா பக்கம் சேர்ந்துகொண்டாள். கணவனும் மனைவியும் மலைக்குப் போய்ச் சாமி கும்பிட்டு, மறுநாள் காலை இறங்கி வந்தார்கள்.

ஜடையன் சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமியது, புகை கக்கியது, படுத்துவிட்டது. தலையைச் சொறிந்துகொண்டு ஜடையன் உண்மையைச் சொன்னார். மூன்று மாதமாகவே இப்படித்தான் மக்கர் பண்ணுகிறதாம். அதனால்தான் விற்கிறாராம். எடைக்கு எடை இரும்பு விலை கொடுத்தால் போதும் என்றார்.

சீதாலக்ஷ்மி கணவரின் காதருகே வந்தாள். “ஏன்னா, பேசாம ஒரு வண்டி பிடிச்சு ஏத்திண்டு வந்துடுங்கோ.”

அருமையான யோசனை. வாயை மூடிக்கொண்டு அதைக் கேட்டிருக்கலாம். ஆனால் டீசல் குழாய் மூட்டில் ஈரம் கசிவது அவர் கண்ணில் பட்டுவிட்டது. அந்த வழியாகக் காற்று உள்ளே போகிறது, வாஷர் தேய்ந்திருக்கிறது. இப்படி ஒரு கோளாறை வீடியோவில் அல்லாமல் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கை சும்மா இருக்குமா? தன் கருவிப் பையிலிருந்து புது வாஷரை எடுத்து மாட்டி, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றி, சாவியைத் திருப்பினார்.

தரை அதிர்ந்தது. சத்தம் அத்தனை சீராக வந்தது. குழாயில் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டி மஞ்சள் வயலுக்குப் பாய்ந்தது. யக்ஞநாராயணனுக்குக் கண் கலங்கிவிட்டது. லிங்கம்மா தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“இது இங்கியே இருக்கட்டுமுங்க.”

கொடுத்த வார்த்தை என்ன ஆவது என்று அவர் ஜடையனைப் பிடித்துக்கொண்டார். ஜடையன் நெளிந்தார். “சீக்குன்னுதானுங்க விக்கப் பாத்தோம். நல்லா இருக்கறத யாராச்சும் விப்பாங்களா?”

தன் வாயில் தானே மண்ணைப் போட்டுக்கொண்ட மனிதர், லிங்கம்மா பரிமாறிய ஒப்பட்டுப் போளியைப் பாதியில் வைத்துவிட்டார். முனிராஜ் வந்து அறுக்கப்போகும் லாரியைப் போனில் காட்டிப் புலம்பினார். லிங்கம்மா போனை வாங்கிப் படத்தைப் பார்த்தாள்.

“அறுக்கறதுக்குப் பதிலா எங்களுக்குத்தான் குடுங்களே. இந்த எஞ்சினும் லாரியில இருந்து வந்ததுதானுங்க.”

ஜடையனுக்கும் முகம் மலர்ந்தது. எஞ்சினை லாரியில் வைத்துப் பின்சக்கரத்தில் பெல்ட் மாட்டினால் தண்ணீரும் இறைக்கும், மற்ற நேரம் மூட்டையும் ஏற்றலாம் என்று கணக்குப் போட்டார். யக்ஞநாராயணன் வாய் திறக்குமுன் சீதாலக்ஷ்மி முந்திக்கொண்டாள்.

“தாராளமா எடுத்துக்கோங்கோ.”

லாரியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள்; வாசல் காலியானது. வீட்டுக்காரரும் காலியானார். எஞ்சினை மாட்டித் தருகிறேன் என்று சனிக்கிழமையானால் மார்டள்ளிக்கு ஓடினார். சீதாலக்ஷ்மி தெருவை அடைத்துக் கோலம் போட்டாள். பார்த்துச் சொல்லத்தான் வீட்டில் ஆளில்லை. அது அவளை உறுத்தத்தான் செய்தது.

சங்கராந்தியன்று அக்கம்பக்கம் கொடுக்க எள்ளு வெல்லத் தட்டோடு அவள் வாசலுக்கு வந்தபோது, தெருவே திரும்பிப் பார்க்க அந்த லாரி உறுமிக்கொண்டு வந்தது. பின்னால் அவரைக்காய் மூட்டைகளும் ஜடையனும். முன்னால் லிங்கம்மா. ஓட்டி வந்தது யக்ஞநாராயணன். நேராக வந்து கோலத்தின் மேலேயே நிறுத்தினார்.

சீதாலக்ஷ்மி கோலத்தைப் பார்த்தாள். பிறகு கணவர் முகத்தைப் பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் இத்தனை சந்தோஷத்தைப் பார்த்த ஞாபகம் அவளுக்கு இல்லை. தட்டை லிங்கம்மா கையில் கொடுத்துவிட்டுப் படியில் கால் வைத்தாள்.

“செத்த நகந்துக்கோங்கோ. ஒரு சுத்து போயிட்டு வரலாம்.”