யாரும் ஆட்சேபம் தெரிவிக்கல

நகராட்சி ஆபீஸ்ல அவனுக்கு ஜெட்டுன்னு பேரு. கிளார்க்கா சேர்ந்து ஆறு மாசம்கூட ஆகல, நாளைக்கு முடிக்கவேண்டிய வேலைய நேத்தே முடிச்சுட்டுத் திரிவான். அதான் தண்ணிக் கட்டணம் ஃபைல் அவன் தலையில வந்து விழுந்துச்சு.

விஷயம் இதுதான். ஊருக்குத் தண்ணி ஏத்துற மோட்டாரெல்லாம் மாத்தணும், கஜானாவுல காசு இல்ல. அதனால கடைங்களுக்குக் கட்டணத்த ரெண்டு மடங்கா ஏத்தணும். ஏத்துறதுக்கு முன்னாடி ஜனங்களக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டு, அவங்க சொல்றத எழுதி மேல் ஆபீஸுக்கு அனுப்பணும்னு விதி. நோட்டீஸ் ஒட்டுவாங்க, ஒரு ஈ காக்கா வராது.

“போன வருஷத்து ரிப்போர்ட்ட எடுத்துத் தேதிய மாத்திடு”ன்னாரு மேனேஜர்.

நம்ம ஆளு அதோட விடுவானா? ‘பொதுமக்கள் எவரும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை’ன்னு அழகா டைப் அடிச்சு, கூட்டத்தன்னிக்குக் காலையிலயே அனுப்பியும் விட்டான். மேனேஜர் முதுகுல தட்டிக்கொடுத்தாரு. இவனுக்குத் தல கால் புரியல.

பதினோரு மணிக்குக் கூட்டம். நாப்பது நாற்காலி, மேனேஜர், ஜெட்டு. பத்து நிமிஷம் கழிச்சுக் கதவத் தள்ளிக்கிட்டு ஒரு அக்கா வந்தாங்க. மார்க்கெட் ரோட்டுல சலவைக்கடை வச்சிருக்கிறவங்க. கையில நாலா மடிச்ச பேப்பர்.

“இங்கதானே தம்பி பேசணும்?”

மேனேஜர் அடிக்காத செல்ஃபோனக் காதுல வச்சுக்கிட்டு நழுவிட்டாரு.

அக்கா நின்னுக்கிட்டே படிச்சாங்க. “எங்கிட்ட ஒரே ஒரு குழாய். பக்கத்து ஹோட்டல்ல ஒம்பது. ரெண்டு பேருக்கும் ஒரே ரேட்டா? மீட்டர் வைங்க, ஓடினதுக்கு வாங்குங்க. உங்களுக்கும் வருமானம் கூடத்தான் வரும்.”

யோசனை நல்லாவே இருந்துச்சு.

“எழுதிக்கிட்டியா தம்பி?”

“எழுதிட்டேன்க்கா.” நோட்டுல கோடு கோடா கிறுக்கி வச்சிருந்தான்.

“உன் பேச்ச எவன் கேப்பான்னு என் பொண்ணு சிரிச்சா. இப்பப் போய்ச் சொல்றேன் பாரு.”

அவங்க போனதும் மேனேஜர்கிட்ட ஓடினான். “இதச் சேத்துடலாமா சார்?”

“கூட்டத்துக்கு முன்னாடியே எப்படிடா அனுப்புனீங்கன்னு மேல் ஆபீஸ்காரன் கேப்பான். யார் தல உருளும், உன்னுதா என்னுதா?”

ஜெட்டு நோட்டக் கொண்டுபோய் டிராயர்ல போட்டு மூடினான்.

ரெண்டு மாசத்துல புது பில் போச்சு. அக்கா கவுண்டருக்கு வந்தாங்க. வசவுக்கு இவன் தயாரா இருந்தான். திட்டியிருந்தாத் தேவல.

“நான்தான் சரியாப் பேசல போல, தம்பி. படபடப்புல அந்த மீட்டர் விஷயத்தச் சொதப்பிட்டேன். என் பொண்ணு சொன்னது சரிதான்.”

இவனுக்குக் காது மடல் சுட்டுச்சு. பின்னாடி மேனேஜர் இருமினாரு.

“இல்லக்கா. நீங்க நல்லாத்தான் பேசினீங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடியே, யாரும் ஒண்ணும் சொல்லலன்னு எழுதி அனுப்பியாச்சு. எழுதினது நான்தான்.”

“அப்ப நான் படிச்சப்போ?”

“சும்மா கிறுக்கிட்டிருந்தேன்.”

அவங்க சத்தம் போடல.

“அரை நாள் கடையச் சாத்திட்டு வந்தேன். வாசல்லயே சொல்லியிருந்தா திரும்பிப் போயிருப்பேனே.”

பில்ல நீட்டினாங்க. இவன் ரசீத ரெண்டு தடவ தப்பா அடிச்சான். மூணாவது வர்ற வரைக்கும் அவங்க பொறுமையா நின்னாங்க.